விக்ராந்தின் தளத்தில் ஸ்கைஹோக்: 1/72 அளவில் ஒரு நடக்காத வரலாறு

இரணைமடுத் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த மாமா, பயணப்பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே ஒரு எயார்பிக்ஸ் 1/72 ஏ-4பி ஸ்கைஹோக் (அமெரிக்கக் கடற்படையின் சிறிய தாக்குதல் விமானம்) மொடலை வைத்துக் கொண்டுவந்து தந்தார். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தாலும் உள்ளே ஒன்றும் முறியவில்லை. அதை அமெரிக்கக் கடற்படையின் அடையாளங்களோடு கட்டி முடிக்க எனக்கு மனமில்லை. "நடந்திருந்தால்" வகை மொடலாக, இந்தியக் கடற்படையின் 300ஆம் அணிக்குரிய வெள்ளைப் புலிச் சின்னத்தோடு, பழைய விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்தில் நிற்கும் ஸ்கைஹோக்காக அதை ஆக்க விரும்புகிறேன்.

என் கற்பனை வரலாறு இதுதான். 1962 சீனப் போருக்குப் பின்னர் இந்தியாவுக்கு அமெரிக்க இராணுவ உதவி கிடைத்தது. 1965 போரின்போது இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் அமெரிக்கா ஆயுதத் தடை விதித்தது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்று வருடங்களுக்குள், அமெரிக்கக் கடற்படை பாவித்துக் கழித்த ஏ-4பி விமானங்கள் சிலவற்றைப் புதுப்பித்து விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆர்ஜென்ரீனாவுக்கு 1966இல் அப்படித்தான் விற்றார்கள் என்பதால், முற்றிலும் ஆதாரமற்ற கனவு என்று இதைத் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். மூன்று விடயங்களில் உங்கள் கருத்துத் தேவை. கப்பல் இந்த விமானத்தைத் தாங்குமா? எந்த நிறம் அடிப்பது? இறக்கைகளின் கீழே எவற்றைத் தொங்கவிடுவது?

வவுனியா வரைஞர் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்ட ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பாலானோர் நிறத்தில் தொடங்கி, கப்பலைப் பற்றி யோசிக்காமலேயே முடித்துவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை, இவ்வகை மொடலில் ஒரேயொரு முடிவை மட்டுமே மாற்றிவிட்டு, அதன்பின் வருவன அனைத்தையும் எடை, நீளம், காற்று ஆகியவற்றின் தீர்ப்புக்கு விட்டுவிட வேண்டும். நீங்கள் 1963 அளவில் ஒரு விற்பனைக் கையெழுத்தை மாற்றியிருக்கிறீர்கள். அதற்கு மேல் எதையும் மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

கப்பலைப் பற்றிய கேள்விக்கு விடை அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. விக்ராந்தும் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணும் ஒரே மஜெஸ்ரிக் வகுப்பைச் சேர்ந்த பிரித்தானியக் கப்பல்கள். மெல்பேர்ணில் ஏ-4ஜி ஸ்கைஹோக்குகள் 1960களின் இறுதியில் இருந்து பல வருடங்கள் இயங்கின. ஆகவே லிப்ட் போதுமா, தளத்தில் திருப்ப இடம் இருக்குமா என்ற சந்தேகம் தேவையில்லை. வடிவமைப்பாளர் எட் ஹைன்மன் இந்த விமானத்தின் இறக்கையை மடிக்கத் தேவையே இல்லாதவாறு 8.38 மீற்றருக்குள் அடக்கிவிட்டார். மடிப்புக் கீலும் அதற்குரிய எந்திரங்களும் இல்லாததால் எடையும் குறைந்தது. கடற்படை 30,000 இறாத்தல் வரை அனுமதித்திருந்தும், அதில் ஏறக்குறைய பாதியில் முடித்துக் கொடுத்த மனிதர் அவர். உங்கள் மேசையில் அந்த 8.38 மீற்றர் 116 மில்லிமீற்றராக வரும்; அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. விமானத்தைத் தளத்தில் இருந்து உந்தி எறியும் மெல்பேர்ணின் நீராவிக் கவணை, கனடா கழித்துவிட்ட பொனவென்சர் கப்பலின் உதிரிகளைக் கொண்டு 1970-71 திருத்த வேலையின்போது மீளக் கட்டினார்கள், தளத்தையும் பலப்படுத்தினார்கள். விக்ராந்துக்கு அந்த வேலை நடக்கவில்லை. எனவே மெல்பேர்ணால் முடிந்தது முழுவதும் விக்ராந்தாலும் முடியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாங்குளத்தான் எழுதியது:

ஸ்கைஹோக்கை எல்லோரும் கட்டுகிறார்கள். என்னிடம் ஒரு ஹசெகாவா ஜகுவார் பிரிக்காமல் கிடக்கிறது. ஜகுவாருக்குக் கடற்படை வடிவம் ஒன்று உண்மையாகவே இருந்தது. ஜகுவார்-எம் என்ற பெயரில் 1970இல் பிரான்சின் கிளெமன்சோ கப்பலில் சோதித்துப் பார்த்தார்கள். இந்திய வான்படையிடமும் ஜகுவார் இருக்கிறது. அதையே இந்தியாவின் விராத் கப்பலில் ஏற்றினால் பாதி வரலாறு ஆயத்தமாக இருக்கிறதே?

வவுனியா வரைஞர் எழுதியது:

மற்றப் பாதிதான் உங்களைக் கவிழ்க்கும். விராத், அதாவது பழைய ஹேர்மிஸ், இந்தியாவுக்கு வரும்போது முன்தளம், முனை மேல்நோக்கி வளைந்த சறுக்குமேடையாக மாற்றப்பட்டிருந்தது. கவண் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது. அது, கவண் இல்லாமலே எழக்கூடிய சீ ஹரியர் விமானத்துக்கான கப்பல். கவண் இல்லாமல் ஜகுவார்-எம் எழாது. விக்ராந்தில்கூட 1980களில் கவணைக் கழற்றிவிட்டுச் சறுக்குமேடை வைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரரும் 1973இல் ஜகுவார்-எம்மைக் கைவிட்டு, தமது சுப்பர் எத்தண்டார் விமானத்துக்குப் போய்விட்டார்கள். நீங்கள் அதைக் கட்டத்தான் வேண்டுமென்றால், பிரெஞ்சுக் கடற்படை நிறத்தில் கட்டுங்கள். ஒரேயொரு கையெழுத்தை மாற்றினால் போதும்.

மல்லாவி ரீச்சர் எழுதியது:

நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தம்பிக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. அப்போது விக்ராந்தில் உண்மையாகவே இருந்த இந்திய சீ ஹோக் விமானங்கள் பிரித்தானிய முறையில், மேலே எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே என்ற கடுஞ்சாம்பலும் கீழே ஸ்கை என்ற வெளிறிய பச்சையும் கொண்டிருந்தன. அமெரிக்கத் தொழிற்சாலையிலோ அக்காலத்தில் மேலே இளஞ்சாம்பலும் கீழே பளிச்சென்ற வெள்ளையும் அடித்தார்கள். அசையும் பாகங்களான எயிலரோன், சுக்கான் போன்றவற்றின் மேற்புறமும் வெள்ளைதான். அவுஸ்திரேலியர் தமது ஸ்கைஹோக்குகளை அந்த அமெரிக்க நிறத்திலேயே பல வருடங்கள் வைத்திருந்தார்கள். புதுப்பித்து வாங்கிய விமானத்துக்கு மறுபடி பெயின்ற் அடிக்க எந்தக் கணக்காளர் ஒப்புதல் கொடுப்பார்? முதல் ஐந்து வருடங்களுக்கு இளஞ்சாம்பலும் வெள்ளையும், முதலாவது பெரிய பராமரிப்புக்குப் பின்னர் கடுஞ்சாம்பல் என்பதே என் தீர்ப்பு. 1971 விமானம் என்றால் கடுஞ்சாம்பலின் விளிம்புகள் தேய்ந்து பழைய வெள்ளை எட்டிப்பார்க்கும்படி செய்யுங்கள். பார்ப்பவருக்கு அந்த இரண்டு அடுக்குகளே கதையைச் சொல்லிவிடும்.

டெக்கல், அதாவது ஒட்டும் சின்னங்கள் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்திய வட்டச் சின்னத்தில் வெளிவளையம் காவி, நடுவளையம் வெள்ளை, மையம் பச்சை. வீட்டு அச்சு இயந்திரம் வெள்ளையை அச்சிடாது; அது தாளின் நிறத்தையே வெள்ளையாக எடுத்துக்கொள்ளும். ஒளி ஊடுருவும் டெக்கல் தாளில் அச்சிட்டுக் கடுஞ்சாம்பல் மேல் ஒட்டினால் நடுவளையம் காணாமற் போய், காவி மண்ணிறமாகிவிடும். இது எனக்கு ஒரு சீ ஹரியரில் நடந்தது. ஆகவே ஒட்டப்போகும் இடத்தில் முதலில் ஒரு வெள்ளை வட்டம் அடியுங்கள். பள்ளிக்கூடக் கவராயத்தின் பென்சிலை எடுத்துவிட்டு ஊசி ஒன்றைச் செருகி, மறைப்பு நாடாவை வெட்டினால் வட்டம் சுத்தமாக வரும். வெள்ளைப் புலியைத் தூரிகையால் வரைவதே நல்லது. 1/72இல் அது ஒரு பருப்பு அளவுதான், ஆனால் அதில் வால் தெரியாவிட்டால் பூனையாகிவிடும்.

மாரி தொடங்கிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் பால் படிந்ததுபோல வெளிறும். மழை விட்டு வெயில் எறிக்கும் காலைப்பொழுது கிடைக்கும்வரை காத்திருங்கள்.

முல்லைக் கரையோன் எழுதியது:

தம்பி, ஸ்கைஹோக்கின் மூக்குக்குள் பாரம் வைக்காமல் உடலை ஒட்டிவிடாதீர்கள். அது நீண்ட சில்லுக்கால்களில் உயர்ந்து நிற்கும் விமானம். வயிற்றின் கீழே ஒரு அணுகுண்டு தொங்க இடம் வேண்டுமென்று அப்படி அமைத்தார்கள். மொடலில் பின்பாரம் கூடி, வாலில் குந்திவிடும். எங்கள் பக்கத்தில் இதற்கு மருந்து மலிவு: வீச்சுவலையின் ஈயமணிகள் இரண்டைத் தட்டையாக அடித்து, விமானியின் அறைக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் செருகி ஒட்டினேன்; அசையவில்லை.

இன்னொரு விடயம் சொல்ல வேண்டும். விவாதத்தை விட்டு விலகுவதாக நினைக்க வேண்டாம். நான் என் ஸ்கைஹோக்கைக் கட்டி நிறம் அடிக்காமல் மேசையில் வைத்திருந்தபோது, தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "இதென்ன, கிபிரோ?" என்று கேட்டார். எங்கள் ஊரில் கிபிர் என்பது இலங்கை வான்படையின் இஸ்ரேலியப் போர்விமானம் ஒன்றின் பெயராக மட்டும் இருந்ததில்லை; சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய அனைத்துக்கும் அதுதான் பெயர். முக்கோண இறக்கை என்பதால் அவருக்கு அப்படித் தோன்றியது. நான் அதைக் கையில் எடுத்துக் காட்டி, கிபிருக்கு வாலில் கிடை இறக்கை இல்லை, மூக்குப் பக்கம் சிறு இறக்கைகள் இருக்கும், இதற்கு அப்படியில்லை, வாலில் பாருங்கள் என்று விளக்கினேன். அவர் நன்றாகப் பார்த்தார். "சரி, ஆனால் மேலே கட்டித் தொங்கவிடாதை" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மொடல்கள் எல்லாம் இன்றைக்கும் சில்லுகளில் அலுமாரித் தட்டில்தான் நிற்கின்றன.

கடற்படைக் கிபிர் என்பது கற்பனை அல்ல என்பது இதில் உள்ள வினோதம். 1980களின் இரண்டாம் பாதியில் அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் இஸ்ரேலிடம் 25 கிபிர்களை இரவல் எடுத்து, எஃப்-21 என்று பெயரிட்டு, பயிற்சியில் எதிரியாக நடிக்கப் பயன்படுத்தின. அவை எந்தக் கப்பலிலும் இறங்கவில்லை. அந்த மொடலை யாரும் கட்டலாம். நான் கட்டப்போவதில்லை.

இரணைமடுத் தம்பி எழுதியது:

அண்ணா, என் வீட்டிலும் அம்மம்மா இருக்கிறா. அலுமாரித் தட்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஈயமணி வைத்தாயிற்று. உடலின் இரு பாதிகளும் பொருந்திய இடத்தில் முதுகுப்பக்கம் ஒரு நீண்ட பள்ளம் விழுந்தது. பள்ளம் நிரப்பும் புட்டிப் பசை கிடைக்காததால் சுப்பர் குளூவில் குழந்தைப் பவுடரைக் குழைத்து நிரப்பி, இறுகிக் கல்லாக முன்னரே சாண்ட்பேப்பரால் தேய்த்தேன். அறை முழுவதும் தொட்டில் பிள்ளையின் வாசம்.

ரீச்சர் சொன்ன இரண்டு அடுக்கு நிறத்தை எடுத்துக்கொள்கிறேன். என் விமானம் 1971 டிசம்பருக்குரியது. டிசம்பர் 4ஆம் திகதி விக்ராந்தின் சீ ஹோக்குகள் கொக்ஸ் பசாரையும் சிற்றகொங்கையும் தாக்கின. அந்த இடத்தில் என் ஸ்கைஹோக்கை வைக்கிறேன். நடுவில் ஒரு எரிபொருள் தாங்கி, இரு பக்கமும் மும்மூன்று குண்டுகள் என்று வைத்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வவுனியா வரைஞர் எழுதியது:

பார்வைக்கு நிறைவாக இருக்கும், கடலில் விழும். நீங்கள் தெரிவு செய்த அந்த மாதத்தில் விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல் இருந்தது. கப்பல் அதன் முழு வேகத்துக்கு ஓட முடியாத நிலையில்தான் போருக்குப் போனது. கவண் விமானத்தைத் தள்ளிவிடும் வேகத்தோடு, கப்பல் எதிர்க்காற்றில் ஓடும் வேகமும் சேர்ந்துதான் விமானம் எழுகிறது. கப்பல் ஒரு நொட் குறைந்தால் கவண் ஒரு நொட் கூட்டித் தர வேண்டும், அல்லது விமானம் எடையைக் குறைக்க வேண்டும். கவண் தரும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. அந்தச் சக்தி எடையோடு நேராகவும் வேகத்தோடு வர்க்கமாகவும் கூடுகிறது என்பதை ரீச்சர் தமது மாணவர்களுக்குப் படிப்பித்திருப்பார்.

கடதாசியில் போட்டுப் பார்ப்போம். சீ ஹோக் முழுச் சுமையோடு ஏறக்குறைய 7,300 கிலோ. அதுவே விக்ராந்தின் கவண் பழகிய எடை என்று வைத்துக்கொள்வோம். ஏ-4பியின் வெற்று எடை சுமார் 4,150 கிலோ. உள் தாங்கிகளில் 800 அமெரிக்க கலன் எரிபொருள், அது சுமார் 2,360 கிலோ. விமானி, எண்ணெய், 20 மில்லிமீற்றர் துப்பாக்கிகள் இரண்டுக்குமான ரவைகள் எல்லாம் சேர்த்து ஒரு 200 கிலோ என்று என் மதிப்பீட்டில் கூட்டினால் 6,700ஐத் தாண்டிவிட்டோம். மிஞ்சுவது 600 கிலோ. 500 இறாத்தல் குண்டு ஒன்று சுமார் 227 கிலோ. ஆக இரண்டு குண்டுகள், அவ்வளவுதான்.

அதுகூடத் தாராளம். சீ ஹோக்கின் இறக்கை நேரானது, பரப்பு 278 சதுர அடி. ஸ்கைஹோக்கின் இறக்கை முக்கோணம், பரப்பு 260 சதுர அடி. குறைந்த வேகத்தில் முக்கோணம் நேர் இறக்கையைப் போலத் தூக்காது. எனவே அதே எடைக்கும் கூடுதல் வேகம் வேண்டும். எரிபொருளில் கால்வாசியைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்வேன். நல்ல காலமாக, எரிபொருளை மொடலில் காட்டத் தேவையில்லை. நடுவில் உள்ள எரிபொருள் தாங்கியைக் கழற்றுங்கள். இறக்கைகளின் கீழே ஆளுக்கொரு குண்டு. சுமை மாட்டும் மூன்று கொளுவிகளில் நடுவில் உள்ளது வெறுமையாகவே நிற்கட்டும். அந்த வெறுமை எதற்கு என்று யாராவது கேட்டால், அப்போது கொதிகலனைப் பற்றிச் சொல்லுங்கள்.

மாங்குளத்தான் எழுதியது:

ஐயா எல்லோருடைய குண்டுகளையும் கழற்றிவிடுகிறார். சரி, கப்பலே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை ஒப்படைக்காமல் இருந்திருந்தால், 1960களில் பிரித்தானியக் கடற்படையின் பக்கனியர் தாக்குதல் விமானங்கள் வவுனியா ஓடுபாதையில் நின்றிருக்கலாம் அல்லவா? இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படையின் 22ஆம் அணி, போபோர்ட் ரோப்பிடோ விமானங்களோடு வவுனியாவில் இருந்து இயங்கியது. கப்பல்களைத் தாக்கும் வேலை அந்த மண்ணுக்குப் புதிதல்ல. செம்மண், பாலை மரம், மூக்கை மடித்து வைத்த பக்கனியர். காட்சித்தளம் அமைக்கவே ஆசையாக இருக்கிறது.

வவுனியா வரைஞர் எழுதியது:

இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓடுபாதையைப் பார்த்து வளர்ந்தவன் நான். இருப்பினும் எந்தப் பக்கனியர் என்று சொல்லுங்கள். முதல் வகையான எஸ்.1இன் ஜைரன் ஜூனியர் என்ஜின்களுக்கு வலு போதவில்லை. கப்பலில் இருந்து முழுக் குண்டுச் சுமையோடு எழும்போது எரிபொருளைக் குறைத்து எழுந்து, பின்னர் வானில் சிமிட்டர் விமானங்களிடம் வாங்கிக்கொண்டார்கள். வைகாசி மாத மத்தியானத்தில், வவுனியாவின் சூட்டில், மெலிந்த காற்றில் அது எப்படி ஓடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்பே என்ஜின் பூட்டிய எஸ்.2ஐ எடுங்கள். மடிந்த மூக்கு, மடிந்த இறக்கை, வாலில் இரு இதழாக விரியும் தடுப்பான், இந்த மூன்றையும் திறந்தே காட்டுங்கள். ஆனால் செம்மண்ணை விமானத்தின் சில்லுகளிலும் வயிற்றிலும் பூச மறக்க வேண்டாம். நமது மண் எதையும் விட்டுவைக்காது. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், தம்பியின் மேசை முடியட்டும்.

மல்லாவி ரீச்சர் எழுதியது:

வர்க்கம் படிப்பித்தேன், கவணுக்கு என்று சொல்லிப் படிப்பிக்கவில்லை. அடுத்த தவணை சொல்கிறேன்.

இரணைமடுத் தம்பி எழுதியது:

குண்டுகளைக் கழற்றிவிட்டேன். முதலில் கவலையாக இருந்தது. இப்போது அந்த மெலிந்த தோற்றமே பிடித்துப்போயிற்று.

இந்தக் கிழமை செய்தவை: ஸ்கைஹோக்கின் முன்விளிம்புச் சிறகுகள் எந்திரத்தால் அல்லாமல் காற்றின் அழுத்தத்தால் உள்ளே போய், வேகம் குறையும்போது தாமாகவே இறங்குபவை. தரையில் நிற்கும் விமானத்தில் அவை தொங்கியபடிதான் இருக்கும். மூடியபடி வார்த்திருந்த அவற்றைச் சவர அலகால் மெல்ல அறுத்து, இரண்டு மில்லிமீற்றர் இறக்கி ஒட்டினேன். இடப்பக்கம் முதல் முயற்சியில் நடுவில் முறிந்தது. தயிர்க் கோப்பையின் பிளாஸ்ரிக்கில் புதிதாக ஒன்றை வெட்டினேன். சுக்கானின் விலா எலும்புகள் இந்த விமானத்தில் தகட்டின் வெளிப்புறத்தில் இருப்பதால், அவற்றைத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். கவணோடு விமானத்தைப் பிணைக்கும் கம்பிவடத்துக்கு, மொடலின் பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் சட்டக்கம்பியை மெழுகுதிரிச் சுவாலையில் இளக்கி இழுத்து, நூலை விட மெல்லிய இழையாக்கி, சில்லுக்குழிகளுக்கு முன்னால் உள்ள இரு கொளுக்கிகளில் மாட்டியிருக்கிறேன். படங்கள் கீழே. நாளை வெயில் எறித்தால் வெள்ளை அடிப்பேன். அதற்கு முன்னர் ஏதாவது திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

வவுனியா வரைஞர் எழுதியது:

சிறகுகள் அருமையாக வந்திருக்கின்றன. கம்பிவடமும் சரி. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தம்பி: வாலின் கீழே இறங்கும் கொக்கியைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறீர்கள், அதன் வாய் வானத்தைப் பார்க்கிறது. இத்தனை கணக்குப் போட்டு எழுப்பிவிட்டோம். இறங்கும்போது, விமானத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய ஒரு கம்பியையும் அது பிடிக்காது.

இரணைமடுத் தம்பி எழுதியது:

பிடுங்கிவிட்டேன், ஐயா. கொஞ்சம் பிளாஸ்ரிக்கும் சேர்ந்து வந்தது.